குஷனின் மறுபக்கம்

ஷாட் முடிந்ததும் மற்ற டைரக்டர்கள் மானிட்டரைப் பார்ப்பார்கள். மினோபே செருப்பைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த காலுறையோடு, படம்பிடிக்கும் பாய் விரித்த ஜப்பானிய அறைக்குள் போவார். நடித்தவர் உட்கார்ந்து எழுந்த குஷனைத் திருப்பிப் போடுவார். "சூடா இருந்தா யாரோ விட்டுட்டுப் போன இடத்துல உக்கார்ற மாதிரி இருக்கும். ஒன் மோர் டேக் போகணும்னா புதுப் பக்கம் வேணும்." வேறு யாராவது திருப்பினால் முறைப்பார்.

'கட்' சொல்வதில் மகா கஞ்சர். ஆள் போன பிறகும் கேமரா ஓடும். திரைச்சீலை ஆடும், கெட்டிலின் ஆவி அடங்கும், எங்கோ ஒரு படகு முனகும். "டைரக்டர் தூங்கிட்டாரா?" என்று லைட்காரர்கள் கிசுகிசுப்பார்கள். ஒரு காலத்தில் நூடுல்ஸ் விளம்பரம் எடுத்தவர். அந்த அவசரத்துக்கெல்லாம் இப்போது பழிவாங்குகிறார் போலும். தியேட்டரில் ஜனங்கள் தூங்குவதாகத் தயாரிப்பாளர் புலம்பினால், "நம்மள நம்பித்தானே தூங்குறாங்க" என்பார். வெளிநாட்டில் வாங்கிய வெண்கல விருது, வீட்டில் முள்ளங்கி ஊறுகாய்த் தொட்டிமேல் பாரமாக இருக்கிறது.

முதல் படத்திலிருந்து எல்லாவற்றிலும் நடிகை ஃபுசயேதான். இப்போது அந்த அம்மாளுக்குப் பார்வை மங்கிவிட்டது. இந்த ஷாட்டோடு நடிப்பை விட்டுவிட்டு தூர வடக்கே ஹொக்கைடோ தீவில் மகள் வீட்டுக்குப் போகிறார். "இன்னிக்காவது சீக்கிரம் கட் சொல்லுங்க சார், ரயில் போயிடும்" என்று காலையிலேயே சீண்டினார். மினோபேவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம். ஃபுசயே தேநீரை முடித்து, எழுந்து, தூணைத் தடவியபடி வெளியேறினார். காலி அறையில் கடல் வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. கடைசி ஷாட் முடிந்த நடிகருக்குக் கொடுக்கும் பூங்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உதவி டைரக்டர் நெசு காத்திருந்தாள். மினோபே 'கட்' சொல்லவில்லை. சொல்லிவிட்டால் ஃபுசயே இனி இந்தக் கேமரா முன்னால் வரமாட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "கால் வலிக்குது சார். நான் எங்கயும் போயிடல. சொல்லுங்க."

"கட்," என்றார் மினோபே.

சவுண்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா குரல் டேக்ல விழுந்துடுச்சு! ஒன் மோர் போலாமா?"

நல்ல சாக்கு. நெசு பூங்கொத்தை இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டாள். மினோபே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் குனிந்தார். குஷன்மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு ஆறவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, அதைத் திருப்பாமலே வெளியே வந்தார்.