பூட்டிய வீட்டில் அப்பிள் களி

அப்போது யுத்த காலம். கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்திருந்தேன். தெருவெல்லாம் சிப்பாய்கள் என்று, துறைமுகத்தில் வேலை செய்த என் கணவர் தினமும் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார்.

ஒருநாள், கப்பலில் வந்து கனிந்துபோன அப்பிள்களைப் பெட்டி நிறையக் கொண்டுவந்தார். "பழுதாக முன்னம் காய்ச்சி வையும்" என்றார். மறுநாள் பின்முற்றத்து அடுப்பில் சீனியும் கறுவாவும் கராம்பும் போட்டுக் களியாகக் கிண்டிக்கொண்டிருந்தபோது, கொதித்த களி தெறித்துக் கை வெந்துபோனது. அலறிவிட்டேன்.

"என்ன புள்ள?" பின்மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்மணியின் முகம் தெரிந்தது.

"கை சுட்டுப்போச்சு."

"கதவத் தொறங்க, வாரேன்."

"வெளியால பூட்டியிருக்கு. திறப்பு அவரிட்ட."

அதை வாய்விட்டுச் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அந்தப் பெண்மணி சேலையைச் செருகிக்கொண்டு மதிலேறிக் குதித்தார். என் கையைத் தண்ணீரில் வைக்கச் சொல்லிவிட்டு, களி இறுகும்வரை தானே கிண்டினார். மாலையில் என் கணவர் வரும்வரை போகவுமில்லை.

"தம்பி, அடுப்பெரியிற ஊட்ட இப்படிப் பூட்டிட்டுப் போறதா?" என்று மட்டும் அவரிடம் கேட்டார்.

மறுநாள் கணவர் பூட்டாமல் போனார். நானோ திறந்த கதவருகே வெகுநேரம் நின்றேன். வெளியே கால் வைக்கப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு போத்தலில் களியை நிரப்பி எடுத்துக்கொண்டு, தெருவில் இறங்கி அந்தப் பெண்மணியின் வீட்டுக்கு நடந்தேன்.