ஓரிடத்தில் நிற்காத வலி

நான் தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வந்து பிறந்தவள். அன்னவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இதற்குத் தனி மரியாதை உண்டு. யாருக்காவது சுளுக்கோ பிடிப்போ வந்தால், காலால் பிறந்த பிள்ளையைக் கூப்பிட்டு உதைக்கச் சொல்வார்கள். அவர்கள் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். நான் குதிகாலால் முதுகை நீவிவிட்டு, மெல்ல ஓர் உதை கொடுப்பேன். எழுந்து உட்கார்ந்து அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு, "போயிருச்சு" என்பார்கள். எட்டு வயதில் பெரியவர்களை உதைத்துப் பாராட்டு வாங்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அதற்கு வேட்டு வைத்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி. துபாயில் பெரிய கட்டடங்களுக்குள் சீலிங்குக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அண்ணாந்து நிற்கிற வேலை. ஆனால் யாருடைய காருக்கோ பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்டு நின்று அவர் அனுப்பிய படங்களைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம். முந்தைய லீவில் கல்யாணம் முடித்துக்கொண்டு போனவர், இந்த லீவில் கழுத்து வலியோடு வந்து இறங்கினார். யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப மாட்டார், உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார்.

நான் உதைத்தேன். "இப்ப எப்படி இருக்கு சித்தப்பா?"

"அப்படியேதான் இருக்கு தாயி."

மறுநாளும் உதைத்தேன். மறுநாளும் அப்படியேதான் இருந்தது. என் காலுக்குக் கேட்காத பிடிப்பு அதுவரை ஊரில் இருந்ததில்லை. ஆகவே இது பிடிப்பே இல்லை, சித்தப்பா பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அம்மா வேறு வழியாக அதே முடிவுக்கு வந்திருந்தாள். சித்தப்பாவின் வலி ஓரிடத்தில் நிற்கவில்லை. வந்தபோது கழுத்தில் இருந்தது, பிறகு தோள்பட்டைக்கு இறங்கியது. அப்புறம் விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது என்றார். ஒருநாள் காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தபோது, விரல் மரத்துவிட்டது என்றார்.

"நேத்து கழுத்துன்னாரு, இன்னைக்கு வெரலுங்கறாரு. நெசமான வலின்னா ஒரு எடத்துல நிக்கும்ல?" என்றாள் அம்மா.

"பெரியாஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வந்துருவோமாக்கா?" என்று சித்தி கேட்டாள். அதோடு சந்தேகம் சித்தியின் மேலும் விழுந்தது. புருஷனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள் என்று பேச்சானது. சித்தப்பா குறித்த நாளில் திரும்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பாதியில் நின்ற எங்கள் புதுவீடும் பாதியிலேயே நிற்கும். அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது.

"அவரு தனியா இருக்கையில என்ன பண்றாருன்னு பாத்துட்டு வா" என்று அம்மா என்னை அனுப்பினாள். பூசாத புதுவீட்டுக்குள் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார் சித்தப்பா. வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்திருந்தார். கண் மூடியிருந்தது.

எனக்குப் பக்கென்றது. குடி முழுகிப்போனவர்கள்தான் அப்படி உட்காருவார்கள். விளையாட்டுக்குத் தலையில் கை வைத்தாலே எங்கள் வீட்டில் முதுகில் ஒன்று விழும். ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"வேலையத் தொலச்சுட்டு வந்திருக்காரு. சொல்ல முடியாமத்தான் கழுத்து, வெரலுன்னு கத கட்டுறாரு."

அன்று சாயங்காலம் அப்பா கேட்டே விட்டார். "வேல போயிருச்சாடா? மறைக்காமச் சொல்லு."

"அதெல்லாம் இல்லண்ணே."

"பின்ன எதுக்குத் தலையில கைய வச்சு உக்காந்திருக்க?"

"அப்படி வச்சா கொஞ்சம் சொகமா இருக்குண்ணே."

தலையில் கை வைத்துச் சுகம் கண்டவரை எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. "வெளங்குற வீட்டுல வைக்கிற கையா அது?" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் கை மேலே போனாலே "கைய எடுங்க" என்று சத்தம் போடுவோம். அவரும் வாத்தியாருக்குப் பயந்த பையனைப்போல உடனே இறக்கிக்கொள்வார். இறக்கியதும் பல்லைக் கடிப்பார். அதையும் நடிப்பில்தான் சேர்த்தோம்.

கடைசியில் அவருக்கே சலித்துவிட்டது. "நான் போறேண்ணே" என்று குறித்த நாளிலேயே கிளம்பினார். அம்மாவின் முகம் அன்றுதான் தெளிந்தது. சித்தி மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேனில் போனோம். முன்சீட்டில் அப்பா, பின்னால் சித்தப்பாவும் பிளேன் பார்க்கும் ஆசையில் நானும். கீரனூர் தாண்டியதும் அப்பா தூங்கிப்போனார். சித்தப்பா அவரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டார்.

நான் கிட்டே நகர்ந்து, "வேலை போயிருச்சா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல தாயி. இப்பத்தான் வலிக்காம இருக்கு" என்றார் கண்ணைத் திறக்காமலே.

பிடிபட்ட பிறகும் பொய்யா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம், வலது கை மெலிந்து, சட்டைப் பொத்தான் போட முடியாமல் திரும்பி வந்தார். கழுத்தெலும்புகளுக்கு இடையில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார்கள் பெரியாஸ்பத்திரியில். அந்த நரம்பு போகிற வழியெல்லாம் வலியும் போகுமாம், விரல் வரைக்கும். "கையத் தூக்கித் தலையில வச்சா வலி கொறையுதா?" என்று டாக்டர் தானாகவே கேட்டாராம். சித்தி அதை வீட்டுக்கு வந்து எங்கள் எல்லோரிடமும் சொன்னாள்.

வலி இல்லாத சித்தப்பாவின் முகத்தை அந்த லீவு முழுவதிலும் நான் அந்த வேனில்தான் கிட்டத்தில் பார்த்தேன். எனக்கு அது கள்ள முகமாகத் தெரிந்தது.