அண்ணன் வெளியே இருக்கட்டும்

மொன்றியலில் ஆறு உளவியல் ஆலோசகர்கள் சேர்ந்து வேலை செய்யும் எங்கள் நிலையத்தில் தமிழ் பேசுபவள் நான் ஒருத்திதான். தமிழர் யார் வந்தாலும் என்னிடம் அனுப்புவார்கள். அவர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. கேள்வியை ஒருவரிடம் கேட்டால், பதிலைக் கூட வந்தவர் சொல்வார்.

டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் வேலை செய்த பெண்ணும் அப்படித்தான் வந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர் என்னிடம் மனம் திறந்து சொன்னவை இதில் இல்லை. அவரைக் கனடாவுக்கு எடுப்பித்த அண்ணன் முதலில் நுழைந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். கதவோரத்து நாற்காலி தங்கைக்கு.

“நித்திரை எப்பிடி?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“நல்லாத்தான் படுக்கிறவள்,” என்றார் அண்ணன்.

“சாப்பாடு?”

“அதுக்கென்ன குறை? என்ர மனிசியெல்லோ சமைக்கிறவ.”

“அண்ணை, நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ.”

அங்கேதான் சறுக்கினேன். அண்ணை என்று கூப்பிட்ட மறுகணமே நான் அவருக்குத் தங்கச்சி.

“தங்கச்சி, உம்மட அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும். இவளுக்குக் கதைக்கத் தெரியாது. நான் சொல்லுறன், நீர் எழுதும்.”

நான் எழுதவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்தேன். “ஐயா, இது அவவின்ர நேரம். நீங்கள் வெளியில போனாத்தான் தொடங்குவன்.”

முறைத்துக்கொண்டே போனார். அதன் பிறகும் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. புறப்படும்போது மட்டும், “அடுத்த கிழமையும் இதே நேரமோ?” என்று கேட்டார்.

வாராந்தக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். “உங்கள் பண்பாட்டில் குடும்பம் முக்கியம் அல்லவா? அண்ணனும் இருந்துவிட்டுப் போகட்டுமே,” என்றார் எங்கள் இயக்குநர் அம்மையார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் பண்பாட்டை எனக்கே பிரெஞ்சில் விளக்கினார்கள்.

வரிசையாகப் பதில் சொன்னேன். ஒன்று, குடும்பம் முக்கியம் என்று எனக்குத் தெரியும், அதில்தான் வளர்ந்தேன். இரண்டு, உங்களிடம் வரும் கியூபெக் பெண்ணின் அண்ணனை நீங்கள் உள்ளே விடுவதில்லை. மூன்று, அந்தப் பெண்ணே கேட்டால் விடுவேன். அவர் கேட்கவில்லை.

“அவர் இனி வராமலே போய்விட்டால்?” என்று கேட்டார் இயக்குநர்.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். “இனி நான் காரில ஏத்திக்கொண்டு வரமாட்டன். எப்பிடி வாறாள் எண்டு பாப்பம்.”

“பாப்பம்,” என்றேன் நானும்.

அடுத்த கிழமை அந்தப் பெண்ணின் நேரம் வந்தது, முடிந்தது. அவர் வரவில்லை. நாங்கள் முறை வைத்துப் பயன்படுத்தும் அறையை அடுத்த ஆலோசகர் எடுத்துக்கொண்டார். நான் வெளியே போகக் குளிர்கோட்டு மாட்டும்போது, சப்பாத்து நிறையப் பனியோடு அவர் வாசலில் நின்றார்.

“ரெண்டு பஸ், பேந்து மெட்ரோ. இடம் மாறி இறங்கிப்போட்டன். இனி ஏலாதோ?”

“ஏலும். வாங்கோ.”

எந்த அறையும் காலியாக இல்லை. அவரைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவை மூடினேன்.

“அண்ணைட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்,” என்றார். பிறகு தானாகவே பேசத் தொடங்கினார்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. இயக்குநர் மதியச் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பெட்டிகள்.

“இன்னும் எவ்வளவு நேரம்?”

“இவர் சொல்லி முடிக்கும்வரை,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.