ஓலையில் வாசித்த ஊர்

எங்கள் அத்தான் அவர்கள் இயேசுவில் துயில்கொண்டு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பை அக்கா என்னிடம் கொடுத்தபோது, "ஏலே, கூட்டியும் எழுதாத, கொறைச்சும் எழுதாத. அவுகளுக்கு ரெண்டும் புடிக்காது" என்றாள். அதன்படியே எழுதுகிறேன். கூட்டிச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் நினைவுத் திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் நின்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கு நம்மிடம் ஆள் பஞ்சமில்லை.

அத்தான் பிறந்தது ருமேனியா நாட்டில், கருங்கடல் கரையில் இருக்கும் கான்ஸ்டான்டா என்ற துறைமுக நகரத்தில். தகப்பனார் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். தாயார் மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒரே பிள்ளை. ஆகவே கடலையும் கப்பலையும் மீனையும் அத்தானுக்கு நாங்கள் அறிமுகம் செய்துவைத்தோம் என்று யாரும் பெருமையடிக்க வேண்டாம். கருவாட்டை வேண்டுமானால் சொல்லலாம்.

பள்ளி நாளிலேயே பந்து காலில் ஒட்டிக்கொண்டது. துறைமுகத் தொழிலாளர்களின் கிளப்பில் பார்வர்டு ஆட்டக்காரராகச் சேர்ந்து, இரண்டாம் டிவிஷனில் சில வருடம் ஆடினார். முதல் டிவிஷனில் ஒரே ஒரு பருவம். அதிலும் பெரும்பாலும் வெளியே பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். பனி கொட்டும்போது கோடு தெரியாத மைதானத்தில் ஒரு கோல் போட்டதாகவும், பந்து உள்ளே போனது நடுவருக்கே தெரியாமல் வலையைத் தூக்கிப் பார்த்துதான் விசில் ஊதியதாகவும் ஒரு கதை உண்டு. சரிபார்க்க எங்களுக்கு வழியில்லை. அடுத்த பருவத்தில் வலது முழங்கால் முறிந்தது. கால் சேர்ந்தது, ஓட்டம் சேரவில்லை. கிளப் கைவிட்டதும் கப்பல் இன்ஜின் வேலை படித்துக் கடலுக்கு வந்துவிட்டார்.

அவர் வேலை பார்த்த கப்பல் நிலக்கரியுடன் தூத்துக்குடிக்கு வந்த சமயத்தில் அதன் முதலாளிகள் திவாலாகிவிட்டார்கள். சம்பளமும் இல்லை, ஊருக்குப் போக டிக்கெட்டும் இல்லை. மாலுமிகளை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் வடக்கூர் எல்லையில் இருந்த ஒரு விடுதியில் தங்க வைத்தார்கள். வடக்கூர் என்று நான் சொல்வது எங்களுக்கு வடக்கே உள்ள ஊரை. அவர்கள் எங்களைத் தெற்கூர் என்பார்கள். இரண்டு ஊருக்கும் ஒரே கடல், ஒரே சந்தை, ஒரே வேதம். பந்தாட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் முகம் கொடுத்துப் பேச மாட்டோம். அந்த மாலுமிகளுக்குச் சோறு போட்டது வடக்கூர்தான். அதிலும் அத்தான் பெரும்பாலும் சாப்பிட்டது, அவர்கள் அணியின் கேப்டன் மிக்கேல் அண்ணன் வீட்டில்.

துறைமுகச் சாலையில் எங்கள் அப்பா நடத்திய டெலிபோன் பூத்தில் அக்கா உட்கார்ந்திருப்பாள். வாரம் ஒருமுறை அத்தான் தாயாரிடம் பேச அங்கே வருவார். உள்ளே அவர் பேசுவது அக்காவுக்கு ஒரு எழுத்தும் புரியாது. "புரியலன்னா என்ன, அம்மைகிட்ட பொய் சொல்லுதவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாதா? நல்லாச் சாப்பிடுதேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாவ" என்று பிற்பாடு சொன்னாள். கடைசியில் டிக்கெட் வந்து மற்றவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது அத்தான் மட்டும் போகவில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்தவர்களிடமே தமிழும் கற்றார். பட்டறைத் தமிழ் என்பதால், அப்பாவின் முன்னால் அதில் பாதியை அவர் விழுங்க வேண்டியிருந்தது.

பெண் கேட்டு வந்தபோது அப்பா எதிர்த்தார். வெள்ளைக்காரன் என்பதற்காக இல்லை. "பந்து வெளையாடுதவனுக்கா பொண்ணக் குடுக்கச் சொல்லுதிய? நம்ம வீட்டுல ஒருத்தன் அப்படித் திரியது போதாதா?" என்றார். திரிந்த அந்த ஒருவன் நான்தான். எங்கள் ஊர் அணிக்குக் கோல் கீப்பர். அக்கா சாப்பாட்டை நிறுத்தினாள், அப்பா இறங்கி வந்தார்.

அத்தான் வேறு சபை என்பதால் ஆயரிடம் அனுமதி வாங்கினோம். அதன் பின் வந்தது ஓலைச் சிக்கல். எங்கள் முறைப்படி திருமணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறும் பூசையில், இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிப்பார்கள். எழுதிக்கொள்ள வந்த கோயில் உபதேசியார் மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டார். அத்தான் கான்ஸ்டான்டா என்றார். உபதேசியாருக்கு அது வாயில் நுழையவில்லை. அப்பாவுக்கோ ஊர் சிரித்துவிடுமோ என்று பயம். "இங்கன இருக்கிய ஊரு ஒண்ணச் சொல்லி வாசியும்யா. வடக்கூர்லதான தங்கியிருக்காரு, அதப் போடும்" என்றார். அப்படியே வாசித்தார்கள், மூன்று ஞாயிறும்.

அதன் பலன் கல்யாணத்தன்று தெரிந்தது. மாப்பிள்ளைக்கென்று ஒருவரும் வரமாட்டார்கள், பட்டறை ஆட்கள் நாலு பேர் நிற்பார்கள் என்று நினைத்திருந்தோம். பேண்ட் செட் முழங்க வடக்கூர்க்காரர்கள் தட்டுத் தாம்பூலத்துடன் தெருவையே அடைத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் மிக்கேல் அண்ணன், பின்னால் அவருடைய பந்தாட்ட அணி, அதற்கும் பின்னால் அவர்கள் வீட்டுப் பெண்கள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்கோம், வாங்கன்னு சொல்ல ஆளில்லையா?" என்று வாசலில் நின்று சத்தம் வேறு. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லோருக்கும் சந்தனம் கொடுத்தார்.

அந்த வருடத் திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்ததும் அவர்களும் நாங்களும்தான். அந்தக் கோப்பையில் ஒரு சட்டம் உண்டு: சொந்த ஊர் ஆட்கள் மட்டுமே ஆட வேண்டும், வெளியாளை இறக்கக் கூடாது. எங்கள் வீட்டு மருமகன் எங்களுக்குத்தான் என்று நாங்கள் சொன்னோம். எங்கள் பிள்ளை எங்களுக்குத்தான் என்று அவர்கள் சொன்னார்கள். நடுவர் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஓலையில எந்த ஊருன்னு வாசிச்சிய?"

அப்பா மணலைப் பார்த்தார். கரையோரத்திலேயே நல்ல பார்வர்டை, மானத்துக்குப் பயந்து நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம்.

அத்தானின் ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஓட மாட்டார். முழங்கால் விடாது. பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி ஓரமாக நிற்பார். பந்து எங்கே வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அந்த இடத்தில் நிற்பார், அவ்வளவுதான். ஆட்டம் தொடங்குமுன் சிலுவை அடையாளம் போடும்போது, அவர்கள் சபை வழக்கப்படி வலது தோளை முதலில் தொட்டு இடது தோளுக்குப் போவார். நம் வழக்கத்துக்கு நேர் மாறு. அன்று முதல் பாதியில் ஒரு பக்கம் கண்ணைக் காட்டி மறுபக்கம் ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதியில் என் கால்களுக்கு நடுவே ஒன்று. விசில் ஊதியதும் வந்து தோளில் கை வைத்தார்.

"தப்பா நெனைக்காத மாப்ள. ஊருக்காவ" என்றார்.

"எந்த ஊருக்கு?" என்றேன், எரிச்சலுடன்.

அவர் முகம் அப்படிப் பூரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "வடக்கூர்!" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

வீட்டில் மீன் குழம்பு வைத்தால் தலைப்பகுதி மருமகனுக்கு என்பது வழக்கம். அன்று இரவு அப்பா தம் கையாலேயே வால் துண்டை எடுத்து அத்தானின் தட்டில் வைத்தார். அத்தான் அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த அக்காவிடம், "யாருக்குளா கை தட்டுன?" என்று அம்மா அதட்டினாள். "எனக்குப் பந்து தெரியுமா? ஆளத்தான் தெரியும்" என்றாள் அக்கா.

இன்னொன்றும் நடந்தது. கோல் விழுவதன் ரகசியம் அந்த மாற்றுச் சிலுவையில் இருக்கிறது என்று வடக்கூர் அணி முடிவு கட்டிவிட்டது. ஆறுமுகநேரியில் ஆடினாலும் விளாத்திகுளத்தில் ஆடினாலும் எல்லோரும் வரிசையாக நின்று வலமிருந்து இடமாகச் சிலுவை போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். அவர்களுடைய பங்குத்தந்தை பிரசங்கத்திலேயே கண்டித்தார். கோயிலில் ஒழுங்காகப் போட்டார்கள், மைதானத்தில் பழையபடிதான். முழங்கால் முற்றிலும் மறுக்கும்வரை அத்தான் அவர்களுக்காகவே ஆடினார்.

அதன் பிறகான வாழ்க்கை பட்டறையும் வீடும். மகள் பிறந்தாள், நன்றாகப் படித்து வேலைக்குப் போனாள். தாயார் இறந்த செய்தி போனில் வந்தபோது அத்தானால் புறப்பட முடியவில்லை. எந்த விமானம் பிடித்தாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது. அவர் சொல்லச் சொல்ல, அக்கா அவர்கள் நாட்டு முறைப்படி கோதுமையை வேகவைத்துச் சர்க்கரையும் முந்திரிப் பருப்பும் சேர்த்துப் படைத்தாள். மிக்கேல் அண்ணன் வந்து தரையில் உட்கார்ந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். துக்கம் விசாரிக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

அத்தானுக்கு ஒரு குறை இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. ஆண்டுதோறும் வெளிநாட்டவர் பதிவுக்குப் போகும்போது "சொந்த ஊர்?" என்று கேட்பார்கள். சொல்லிவிட்டு வருவார், அன்று இருட்டும்வரை பட்டறையை விட்டு வர மாட்டார். எங்கள் அப்பா இறந்தபோது அது வெளியே வந்தது. நம் முறை தெரிந்ததே: இறந்தவரின் பிறந்த பக்கத்து ஆட்கள் கோடித் துணி கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் பெட்டியை மூடுவது. பெண் கொடுத்த வீட்டார் எத்தனை துணி போட்டாலும் அது கோடியில் சேராது. அப்பாவின் சித்தப்பா மக்கள் கோடியோடு வந்ததை அத்தான் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் என்னிடம் கேட்டார்.

"மாப்ள, எனக்கு யாரு கொண்டுவருவா?"

"கான்ஸ்டான்டாவுல இருந்து கப்பல்ல வரும். சும்மா இருங்க அத்தான்" என்றேன். அவரும் சிரித்தார். ஆனால் அக்காவிடம் அதே கேள்வியை அடிக்கடி கேட்டிருக்கிறார். கடைசி மாதங்களில், நெஞ்சு நோயுடன் படுத்திருந்தபோதும் கேட்டிருக்கிறார்.

சென்ற ஆண்டு ஒரு மதிய நேரத்தில், செல்போனில் ஏதோ ஒரு நாட்டு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

மறுநாள் அடக்கம். பெட்டி தயார், பங்குத்தந்தையும் வந்துவிட்டார். எங்கள் ஊர்த் தலைவர், எல்லா வீட்டிலும் கேட்கிற பழக்கத்தில், "பெறந்த வீட்டுக் கோடி வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் யார் வீடு என்பது அவருக்கே உறைத்தது. அக்கா என்னைப் பார்த்தாள். கடைக்கு ஓடி ஒரு வேட்டி எடுத்து வருகிறேன் என்று எழுந்தேன். "நீ போடக் கூடாதுல. நீ பொண்ணு வீட்டுக்காரன்" என்று பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் சொன்னது சரிதான். முறை அதுதான். அக்கா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

அப்போது தெருமுனையில் பேண்ட் சத்தம் கேட்டது. வேனில் வரலாம், ஆனால் கோடி நடந்துதான் வர வேண்டும் என்பதால் தங்கள் ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். தலையில் தாம்பாளத்துடன், கைத்தடியை ஊன்றிக்கொண்டு மிக்கேல் அண்ணன். பின்னால் அந்தப் பழைய அணி, எல்லாம் நரைத்த தலைகள்.

"யாரு வீட்டுக் கோடி?" என்று வாசலில் கேட்பது முறை. தலைவர் கேட்டார்.

"பெறந்த வீட்டுக் கோடி."

"என்ன மிக்கேலு, அவரு பெறந்தது..."

"மூணு ஞாயித்துக்கெழம கோயில்ல வச்சு ஓலை வாசிச்சியளே, அப்ப உங்க காது எங்க போச்சு? எங்க ஊருப் புள்ள. வழிய விடும்."

தலைவர் வழியை விட்டார். மிக்கேல் அண்ணன் குனிந்து, துணியை விரித்து, பாதத்திலிருந்து நெஞ்சுவரை போர்த்தினார். அதுவரை அழாதிருந்த அக்கா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். வடக்கூர்க்காரர்கள் பெட்டியைச் சுற்றி நின்று சிலுவை போட்டார்கள். வலது தோள் முதலில், பிறகு இடது தோள். எங்கள் பங்குத்தந்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அத்தானை மருத்துவமனையில் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், பட்டறைத் தோழர்கள், திருப்பலி நிறைவேற்றிய தந்தையர், தொலைவிலிருந்து வந்து மகளுக்குத் துணை நின்ற தோழிகள், அடக்கத்தன்று வந்திருந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் குடும்பத்தார் நன்றி சொல்கிறோம். ஓராண்டுத் திருப்பலிக்குப் பின் கல்லறைத் தோட்டத்தில் கோதுமை கொடுக்கப்படும். அதைப் பொங்கல் என்று நினைத்து உப்புக் கேட்க வேண்டாம்.

நம் பக்கத்தில், காரியம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் புறப்படும்போது பெண் வீட்டார் எழுந்து நின்று கைகூப்ப வேண்டும். வடக்கூர்க்காரர்கள் அன்று கல்லறையிலிருந்து அப்படியே நடந்து போய்விட்டார்கள். துக்கத்தில் நாங்களும் கைகூப்ப மறந்தோம். அந்தக் கைகூப்பலை இப்போது செலுத்துகிறோம்.

இப்படிக்கு,
பெண் வீட்டார்.