அப்பா கொடுத்த அனுமதி

ஸ்டூடியோ போர்டில் இருப்பது அண்ணன் பெயர். உள்ளே கேமராவைத் தூக்குவது தங்கை. அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் வாய் கிழியப் பேசுவான். "நான் எடுத்த படம்" என்று அவன் சொல்லும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு லென்ஸைத் துடைப்பாள். பாஸ்போர்ட் போட்டோ யார் பெயரில் போனால் என்ன என்று விட்டுவிடுவாள். வாசலில் பெரிதாக மாட்டியிருந்த வெள்ளப் படத்தை மட்டும் அவளால் விட முடியவில்லை. அதற்குக் கீழேயும் அண்ணன் பெயர்தான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய், தையல் மெஷினைத் தலையில் சுமந்து வந்த ஒரு பெண்ணை அவள் எடுத்த படம் அது. அன்று அண்ணன் மாடியில் போர்வைக்குள் இருந்தான்.

அப்போது கைக்குழந்தையாக இருந்த அண்ணன் மகள் இப்போது கல்லூரியில் கடைசி வருஷம். அந்த வெள்ளத்தைப் பற்றித்தான் புராஜெக்ட் வீடியோ செய்தாள். எதிலும் ஒழுங்கான பெண். பின்னணி இசைக்கு, அதை அமைத்தவருக்கே எழுதி அனுமதி வாங்கினாள். அனுமதி கேட்டும் பதில் வராத படங்களைத் தூக்கிப்போட்டாள். வெள்ளப் படத்துக்கு அப்பாவிடம் கேட்டாள். அவனும் பெரிய வள்ளல் மாதிரி, "தாராளமா போட்டுக்கம்மா" என்றான்.

கல்லூரி அரங்கில் வீடியோ முடிந்தது. 'வெள்ளப் படம்: என் அப்பா, அவருடைய அனுமதியுடன்' என்று திரையில் வந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் அத்தை எழுந்துவிட்டாள்.

"அந்தப் படம் நான் எடுத்தது."

அண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "உக்காரு. மானத்தை வாங்காத. ஒரே வீட்டுக்குள்ள என்ன உன்னுது, என்னுது?"

"அப்புறம் ஏண்ணே எல்லாமே உன்னுதா இருக்கு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் கையை உதறிக்கொண்டாள். அத்தனை வருஷத்துக் கோபம். மேடையில் நின்ற அண்ணன் மகளின் முகம் வெளுத்துப்போனது. மார்க் போடும் பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்பா, நீங்கதானே எடுத்தீங்க?" என்று மகள் கேட்டாள்.

அண்ணன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மேடையிலிருந்து இறங்கி நேரே அத்தையிடம் வந்தாள். "அத்தை, உங்க படத்தை நான் போட்டுக்கலாமா?"

இதுவரை யாரும் அத்தையிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"நீ கேட்டுட்ட, போட்டுக்கோ. என் பேரைப் போடு. உங்கப்பா இன்னும் கேக்கல. அதனால வாசல்ல மாட்டியிருக்கிறதை நான் கழட்டப்போறேன்."

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவள் கதவைத் தாண்டியிருந்தாள். ஸ்டூடியோ சாவி என்றைக்குமே அவள் கைப்பையில்தான் இருக்கும்.