பேசி வைக்காத பவுன் விலை

காஜிமார் தெருவில் முகம்மது கனி ராவுத்தரைப் போலப் பாவத்துக்குப் பயந்தவர் இன்னொருவர் கிடையாது. வட்டிக்குக் கொடுக்க மாட்டார், வாங்கவும் மாட்டார். சேவல் சண்டை நடக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். ஜெயித்தாலும் பாவம், தோற்றாலும் பாவம், பிறகு அந்தப் பக்கம் நமக்கென்ன வேலை என்பார். அப்படிப்பட்ட மனிதர்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதாம் வருஷம் மதுரையிலேயே பெரிய சூதாட்டம் ஒன்றை ஆடினார். ஆடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

அவருக்கு நூல் வியாபாரம். சீமை நூலைத் தருவித்துச் செல்லூர்த் தறிக்காரர்களுக்கு விற்பார். அந்த வருஷம் மாசி மாதத்தில் சீமைச் சரக்கு கொள்ளை மலிவாக இருந்தது. யுத்தம் முடிந்த கையோடு உலகமே இந்தியாவின் பருத்தியையும் தோலையும் சணலையும் வாங்கிக் குவித்தது. வாங்குகிறவன் ரூபாயில்தானே விலை கொடுக்க வேண்டும்? அதனால் ரூபாய்க்கு ஏகக் கிராக்கி. வெள்ளி விலையும் ஏறிக்கிடக்க, வெள்ளியாலான ரூபாய் கூடவே ஏறியது. ஒரு ரூபாய் கொடுத்தால் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் கிடைத்தது. சீமைக் கணக்கில் பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன். ஆயிரம் பவுனுக்கு நூல் வாங்க ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் போதும். இத்தனை மலிவை ராவுத்தர் தம் ஆயுளில் கண்டதில்லை.

செல்லூரிலிருந்து தறிக்காரர்கள் சார்பில் மொக்கையன் வந்தான். ராவுத்தர் ஒரு விலை சொன்னார். அவன் கொஞ்சம் குறைத்துக் கேட்டான். முடிவில் இருவரும் கையடித்துக்கொண்டார்கள். நூல் சந்தையில் அதற்கு மேல் பத்திரம் கிடையாது. கையடித்த விலை வானம் இடிந்து விழுந்தாலும் மாறாது. அந்த நம்பிக்கையில் தறிக்காரர்கள் பெண்டாட்டி தாலியைத் தவிர மற்றதையெல்லாம் திரட்டி, சீமைக்கு அனுப்ப வேண்டிய முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

பிறகு ராவுத்தர் சென்னைப்பட்டணம் போய் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஆயிரம் பவுனுக்கு நூல் சொல்லி வைத்தார். சரக்கு தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்த பிறகு பணம் கட்டினால் போதும் என்று ஏற்பாடு. அங்கே குமாஸ்தாவாக இருந்த சிஹாபுதீன் நல்ல பையன். நம்ம ஆள் என்ற பாசத்தில் ஒரு யோசனை சொன்னான். பின்னால் கட்ட வேண்டிய பவுனுக்கு இன்றைக்குள்ள விலையையே பாங்கியில் பேசி வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் கூலி ஆகும், அதற்குப்பின் ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் கவலை இல்லை என்றான்.

ராவுத்தருக்கு முகம் சுளித்தது. "கைல இல்லாத சரக்குக்கு, வராத தேதிக்கு இப்பவே வெல பேசுறதா? அது சூதுதான தம்பி. நமக்கு வேணாம்." சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரயிலேறினார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மார்க்கத்தில் தமக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணம்.

சித்திரையில் ரூபாய் லேசாக இறங்கியது. சர்க்காரே ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங் என்று அறிவித்திருக்கிறதே, அதற்குக் கீழே எப்படிப் போகும் என்று தைரியமாக இருந்தார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். ஆடியில் இரண்டு ஷில்லிங்கும் போயிற்று. வாங்கிக் குவித்த தேசங்கள் வயிறு நிறைந்து கையைக் கழுவிவிட்டன. பருத்தியும் தோலும் துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. இங்கேயோ, மலிவாக இருக்கிறதென்று ஊர் ஊராக அத்தனை வியாபாரிகளும் சீமைச் சரக்குக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் இப்போது பவுன் வேண்டும். ரூபாய் யாருக்கும் வேண்டாம். ஒரே சந்தைக்கு எல்லாரும் மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் மாட்டுக்கு என்ன விலை கிடைக்கும்?

தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் வீட்டுக்கு இங்கிலீஷ் பத்திரிகை வரும். ராவுத்தர் தினமும் வைகையைக் கடந்து போய், அதில் ரூபாய் விலை என்ன போட்டிருக்கிறது என்று கேட்டு வருவார். போகும்போது நடை வேகமாக இருக்கும். திரும்பும்போது ஆற்றுமணலில் கால் புதையும். தாம் சொல்லி வைத்த நூலும் சேர்ந்துதான் ரூபாயைக் கீழே இழுக்கிறது என்று ஒரு நாள் அவருக்கு உறைத்தது. தொழுகையில் நின்றால் ஷில்லிங்கும் பென்ஸும் குறுக்கே வந்தன.

தை பிறந்தது. நூல் தூத்துக்குடியில் இறங்கிவிட்டதாகத் தந்தி வந்தது. அன்றைக்கு ரூபாய் ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ். சரிபாதி. அதே ஆயிரம் பவுனுக்கு இப்போது பதினைந்தாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். தறிக்காரர்கள் கொடுத்தது பாதிக்குத்தான் வரும்.

ஊரில் இப்படிச் சிக்கிக்கொண்டவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. நூல் வியாபாரிகள் எல்லாரும் பெரிய வியாபாரியான அப்துல் வஹீதின் சரக்குக் கிட்டங்கியில் கூடினார்கள். சரக்கை எடுப்பதில்லை என்று ஒரே முடிவு. "அம்புட்டுப் பேரும் மாட்டேன்னா எத்தன பேரு மேல கேஸ் போடுவான்? நீங்களும் கையெழுத்துப் போடுங்கண்ணே," என்றார் வஹீது. ஊரோடு ஒத்துப்போவது எளிது. ஆனால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதைக்கொண்டு செல்லூர்க்காரர்களுக்கு வெளியே பாதி நூல்கூடக் கிடைக்காது, விலை அப்படி ஏறியிருந்தது. ராவுத்தர் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை தவணை கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் மொக்கையன் நின்றிருந்தான். கூட்டத்தைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதைக் கேட்கவில்லை. "நூலு எறங்கிருச்சாம்ல அண்ணே. எப்ப வண்டி கொண்டு வரட்டும்?" என்று மட்டும் கேட்டான். அதைவிட அவன் வைதிருந்தால் தேவலாம் என்று ராவுத்தருக்கு இருந்தது.

மிச்சம் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு அவர் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று, குடியிருக்கும் வீடு. அது அவருடையதல்ல. மனைவி ஜெயினம்புவுக்கு அவளைப் பெற்ற அத்தா எழுதிக் கொடுத்தது. கடையில் எது நடந்தாலும் வீட்டில் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், எப்படிக் கேட்பது என்று ஒவ்வொரு நாளும் நினைத்து நினைத்து நாக்கை மடக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, சோற்றுக்கு முன் உட்கார்ந்து, ஒருவழியாகச் சொல்லித் தீர்த்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. சிஹாபுதீன் சொன்ன யோசனையையும், தாம் வேண்டாமென்று வந்ததையும்கூடச் சொன்னார். வீட்டை விற்க அவள் கையெழுத்து வேண்டும் என்றார்.

ஜெயினம்பு அழவில்லை. குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். "அவன் வெல பேசி வைக்கச் சொன்னது சூதுன்னா, பேசாம விட்டுட்டு ரூவா எறங்காதுன்னு இருந்தீகளே, அது என்னது?"

அப்படி ஒரு கேள்வி இருப்பதே ராவுத்தருக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை.

"அந்த வெளாட்டுல நீங்க வச்சது எங்க அத்தா வீட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப செல்லூர்க்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நூலக் குடுங்க. அவுக நம்பிக் குடுத்தாக. கட ஒங்களோடது தான? கடைய வித்துக் குடுங்க." அவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இத்தன நாளா வீடு போயிரும் வீடு போயிரும்னு துடிச்சீகளே. கட போகும்னு ஒரு நாளாச்சும் நெனச்சீகளா?"

நினைத்ததே இல்லை. சித்திரையிலிருந்து தை வரை எத்தனையோ விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தவர், தமக்கென்று இருந்த அந்த ஒரு பொருளை எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை. வெட்கம் தாங்காமல் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சோறு பிசைந்த கையைக் கழுவிக்கொண்டு, கையெழுத்துப் போடப்போவதில்லை என்று சொல்ல வஹீதின் கிட்டங்கிக்குக் கிளம்பினார்.

அடுத்த வாரம் கடையையும் அதில் இருந்த சரக்கையும் வஹீதே வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தோடு முன்பணத்தையும் சேர்த்துக் கட்டி ராவுத்தர் தூத்துக்குடிச் சரக்கை எடுத்தார். மொக்கையன் வண்டிகளைக் கொண்டுவந்தான். கையடித்த விலைக்கே நூல் பொதிகள் செல்லூருக்குப் போயின. ராவுத்தர் கடைச் சாவியை வஹீதிடம் கொடுத்துவிட்டு, தம் பெண்சாதியின் வீட்டுக்கு நடந்தார்.