பூட்ஸ் பாலிஷ் மாப்பிள்ளை

எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு பழைய வெள்ளைத் துண்டு தொங்குகிறது. அதன் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. எத்தனையோ சோப்புக் கட்டிகள் கரைந்துவிட்டன, கறை கரையவில்லை. துண்டு என் மாமியாருடையது. கறை என்னுடையது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் நில அளவைக் குழுவில் சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தேன். பொம்மிடிப் பக்கம் ஒரு கோடை, ஒகேனக்கல் பக்கம் ஒரு கோடை. மற்றவர்கள் தலைப்பாகை கட்டினார்கள். நான் கட்டவில்லை, ஏற்றிச் சீவிய முடியை ஊர் பார்க்காமல் போய்விடுமே என்ற கவலை. இரண்டாம் கோடை முடிவதற்குள் என் மெல்லிய முடி மக்காச்சோளக் குஞ்சத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவருக்குச் சுருட்டை முடி. நிறம் அவ்வளவாக மாறவில்லை, ஆனால் தேங்காய் நாராகக் காய்ந்து, சீப்பு பட்டாலே ஒடிந்தது. அவர் சீப்பை விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்.

எனக்குக் காரிமங்கலத்தில் பெண் பார்க்க நாள் குறித்தார்கள். பெண்ணின் தாய்மாமன் என்னைச் சந்தையில் பார்த்துவிட்டு, "தல செம்பட்டையா இருக்குதுங்க, ரத்தத்துல ஏதோ கோளாறு, வேற எடம் பாக்கலாங்க" என்றாராம். நானோ அந்தப் பெண்ணைப் பார்ப்பதற்காகவே விடுமுறை நாளிலும் அவள் போகும் பஸ்ஸில் போய் வந்தவன். ரத்தத்தில் ஒரு கோளாறும் இல்லை. சேதி கேட்ட நிமிடத்தில் கோளாறு புத்தியில் வந்துவிட்டது. கறுப்பு பூட்ஸ் பாலிஷ் ஒரு டப்பா வாங்கினேன். பிரஷ் வேறு.

சித்திரை மாத நண்பகல், பெண் வீட்டுக் கூடம். காபி டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது முதல் சொட்டு காதோரம் இறங்கியது. அடுத்தது சட்டைக் காலரில்.

"ஏனுங்க மாப்ள, தலையில மை ஊத்திக்கிட்டீங்களா?" என்றார் தாய்மாமன்.

"செருப்புக்குப் போட்டதுங்க" என்றேன். வாசலில் கிடந்தது ரப்பர் செருப்பு.

கூடமே சிரித்தது. தாய்மாமன் மட்டும் சிரிக்காமல் எழுந்தார். சம்பந்தம் முறிந்தது என்று நானும் எழுந்தேன். அப்போது சமையலறையிலிருந்து பெண்ணின் அம்மா வந்தார். கடலைக்காட்டில் ஆளோடு ஆளாக நின்று வேலை செய்கிறவர். "தலையக் குனிங்க" என்றார். துண்டால் பாலிஷை அழுத்தித் துடைத்துவிட்டு, மாட்டுக்கு உண்ணி பார்ப்பதுபோல என் பிடரி முடியை விலக்கினார்.

"அண்ணா, இங்க வந்து பாரு. மேலதான் செம்பட்டை, அடியில கருகருன்னு கெடக்குது. ரத்தம் கெட்டிருந்தா மேல மட்டுமா கெடும்? இது வெயிலு. உன் மருமக சடையப் பாரு, தடிச்ச முடி, நுனி மட்டும் வெளுத்திருக்குது. என் நரையப் பாரு, மஞ்சளாப் போச்சு. காட்டுல நிக்கறவங்க தல இப்படித்தான். உனக்குத்தான் கவலையே இல்ல."

தாய்மாமனுக்கு முழு வழுக்கை. அவர் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார்.

"வெயில்ல நின்னு சம்பாதிக்கறாரு. பொய்யும் சொல்லத் தெரியல. எனக்குப் போதும்" என்றார் அந்த அம்மா. ஆவணியில் கல்யாணம். முன்னின்று நடத்திய தாய்மாமன், என் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்தபின் விரலை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

மாமியார் இப்போது இல்லை. என் தலையிலும் நரை வந்துவிட்டது. வெயில் அதையும் மஞ்சளாக்கப் பார்க்கிறது. நான் வெளியே கிளம்பினால் மனைவி அந்தத் துண்டை எடுத்து என் தலையில் கட்டிவிடுகிறாள், கறை நெற்றிக்கு நேராகத் தெரியும்படி. நானும் அதை மடித்து மறைப்பதில்லை.